சாம்பல் நிறப் புள்ளி

இடது திரையில் ஏழாம் நம்பர் வண்டி இன்னும் பெட்ரோல் பங்கைத் தாண்டவில்லை, வலது திரையில் அது ரயில் பாலத்துச் சுரங்கப்பாதை வாசலுக்கே வந்துவிட்டது, ஒரே பள்ளிப் பேருந்து ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் எப்படி இருக்கும், இருக்காது, ஆனால் இதைப் பார்க்கத்தானே இரண்டு திரையையும் அக்கம்பக்கமாக வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன், நாலு மணிக்குத் தனபாலன் சார் அறைக்குள் போய் இதுவா அதுவா என்று ஒரே வார்த்தையில் சொல்ல வேண்டும், அவர் முதலாளி, ஒரு வார்த்தைக்கு மேல் சொன்னால் அவருக்குக் கொட்டாவி வந்துவிடும். வெளியே மழை சாய்வாக அடிக்கிறது. கீழே பாத்திரக்கடைக்காரர் வாசலில் தொங்கவிட்டிருந்த குண்டான்களையும் அன்னக்கூடைகளையும் உள்ளே இழுத்துப் போடுகிற சத்தம் மாடி வரைக்கும் வருகிறது. மழை என்று மதுரையில் பள்ளிக்கூடங்களை எல்லாம் மதியமே விட்டுவிட்டார்கள், சாதாரண நாளில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்புகிற வண்டிகள் இன்றைக்கு மொத்தமாகத் தெருவுக்கு வந்துவிட்டன. ஹாரூன் கையைத் தேய்த்துக்கொண்டான். அவன் எனக்கு எதிர் மேஜை, நல்ல பையன், ஆனால் எதற்கெடுத்தாலும் வேகம் வேகம் என்பான். நாம கேட்டாலும் இப்படி ஒரு நாள் கிடைக்காதுக்கா, இதுதான் நிஜமான பரீட்சை என்றான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அந்த ஏழாம் நம்பரில் என் மகள் ஆதிரை உட்கார்ந்திருக்கிறாள் என்பது உறைக்கிற வரைக்கும்.

எங்கள் வேலை சின்ன வேலை. ஒவ்வொரு பள்ளி வண்டியிலும் ஒரு கருவி இருக்கிறது, அது சில நொடிகளுக்கு ஒரு தரம் நான் இங்கே இருக்கிறேன், நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கும், நாங்கள் அதை வாங்கி, எந்தப் பிள்ளைக்கு எந்த வண்டி என்று பிரித்து, வேண்டாததைச் சலித்துத் தள்ளிவிட்டு, வேண்டியதை மட்டும் அந்தந்த வீட்டு ஃபோனுக்கு அனுப்புகிறோம். சலிக்கிற வேலையையும், பல வண்டிகளை ஒரே சமயத்தில் கவனிக்கிற வேலையையும் நாங்களே எழுதவில்லை, எழுத எங்களுக்குப் பொறுமையும் கிடையாது, உண்மையைச் சொன்னால் அவ்வளவு மூளையும் கிடையாது, முகம் தெரியாத யாரோ எழுதி, யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று இன்டர்நெட்டில் பொதுவாக வைத்திருக்கிற லைப்ரரிகளில், அதாவது ஆயத்த நிரல்களில், ஒன்றை எடுத்து ஒட்டவைத்துக்கொண்டோம். அப்படி ஒட்டிக்கொண்டு இத்தனை காலம் ஓடுவதற்கு அலுவலகத்தில் பெரியவர் என்று பெயர். இப்போது மாற்றிவிடலாமா என்று பார்ப்பதற்குச் சின்னவர். இரண்டுக்கும் சொந்தப் பெயர் இருக்கிறது, எங்கள் யார் வாயிலும் அது ஒழுங்காக நுழைந்ததில்லை. பெரியவர் எல்லாவற்றையும் வரிசையில் நிற்கவைத்து ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். சின்னவர் ஒரே நேரத்தில் எல்லாரோடும் பேசுவார். என் வீட்டுக்காரர் வைரவனுக்கு இரண்டு அக்கா, மூத்தவர் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த கதையைச் சொன்னால் வீட்டைப் பூட்டிச் சாவியை எங்கே வைத்தார் என்பதிலிருந்து ஆரம்பிப்பார், பந்திக்கு வருவதற்குள் நமக்கே பசித்துவிடும், இளையவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மாப்பிள்ளையின் சித்தப்பா கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்பார், அப்புறம் சாம்பாரில் உப்பில்லை என்பார், யார் கல்யாணம் என்பது கடைசியில்தான் தெரியும். பெரியவர் மூத்த நாத்தனார், சின்னவர் இளைய நாத்தனார். இடது திரையில் பெரியவர் ஓடுகிறார், வலதில் சின்னவர், இன்றைக்கு இந்த மழையில் இடது திரை நிஜத்தைத் தாமதமாகச் சொல்கிறது, வலது திரை உடனே சொல்கிறது, ஆனால் முன்னது பின்னதாகச் சொல்கிறது. என் ஒப்பீட்டு அட்டவணையில் இதை வேகம், வரிசை என்று இரண்டு கட்டத்தில் எழுதி முடித்துவிட்டேன், எழுதும்போது அது வெறும் கட்டமாகத்தான் இருந்தது.

வலது திரையில் ஏழாம் நம்பர் பெட்ரோல் பங்குக்குத் திரும்பிவிட்டது. இப்போதுதானே சுரங்கப்பாதை வாசலில் இருந்தது. ஓட்டுநர் காசிராஜன் அண்ணன் வண்டியைப் பின்னால் எடுத்தாரா, அவ்வளவு பெரிய வண்டியை அந்த நெரிசலில் பின்னால் எடுக்க முடியுமா, முடியாது, இது சின்னவரின் வேலை, பின்னால் வந்த செய்தியை முன்னால் சொல்லிவிட்டு, முன்னால் வந்ததை இப்போது சொல்கிறார், பார், திரும்ப வாசலுக்கு வந்துவிட்டது. எனக்குத் தெரியும், இதைச் சொல்லித்தான் எனக்குச் சம்பளம், இருந்தாலும் என் விரல் புள்ளியோடு முன்னும் பின்னும் போய்வருகிறது. அந்தச் சுரங்கப்பாதையை எனக்கு நன்றாகத் தெரியும். போன மழைக்கு ஸ்கூட்டியில் நானே அதில் இறங்கி, பாதியில் இன்ஜின் நின்று, தொடைவரை தண்ணீரில் தள்ளிக்கொண்டு ஏறினேன், மேலே நின்ற ஒருவர் தெரிஞ்சுக்கிட்டேவா இறங்குனீங்க என்று கேட்டார், தெரியாமல்தான் இறங்கினேன், அங்கே தண்ணீரைப் பார்த்தால் ஆழமே தெரியாது, பழுப்பாக, சமமாக, இப்போதுதான் பூசிய சிமெண்ட் தரை மாதிரி கிடக்கும். சுவரில் அளவு பார்க்கக் கோடு போட்டு எழுதியிருக்கிறார்கள், அந்தக் கோடே முழுகிவிட்ட பிறகு எதைப் பார்ப்பது. காசிராஜன் அண்ணன் நிதானமான ஆள். நிதானமான ஆள்தான், ஆனால் பின்னால் ஐம்பது வண்டி ஹாரன் அடித்தால் நிதானமான ஆளும் இறங்கிவிடுவார், நான் இறங்கவில்லையா. ஆதிரை எப்போதும் ஓட்டுநருக்கு நேர் பின்சீட்டு, ஜன்னல் பக்கம்தான் வேண்டும் என்று ஒருமுறை அழுது சாதித்தாள். ஜன்னல் பக்கம் நல்லதா கெட்டதா. இந்த மாதிரி யோசனையை எல்லாம் யார் எனக்குள் கொண்டுவந்து போடுகிறார்கள் என்று தெரியவில்லை. அட்டவணையைத் திறந்து நினைவகம் எவ்வளவு பிடிக்கிறது என்ற கட்டத்தை நிரப்பினேன், நிரப்பியது தப்பு, அழித்தேன், நிமிர்ந்து பார்த்தபோது வலது திரையில் ஏழாம் நம்பர் சாம்பலாகியிருந்தது.

சாம்பல் என்றால் செய்தி இல்லை என்று பொருள். ஓடுகிற வண்டி பச்சை, சிறிது நேரம் ஒன்றுமே சொல்லாத வண்டி சாம்பல். இந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தது நான், சிவப்பு வைத்தால் பெற்றவர்கள் பயந்துவிடுவார்கள் என்று கூட்டத்தில் நான்தான் சொன்னேன், சாம்பல் யாரையும் பயமுறுத்தாது என்று எந்த நம்பிக்கையில் சொன்னேனோ. கருவி வண்டியின் அடியில், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. தண்ணீர் முதலில் தொடுகிற இடம் அதுதான். தொட்டால் பேச்சு நின்றுவிடும். நான் ஃபோனை எடுத்தேன். வண்டி ஓட்டும்போது காசிராஜன் அண்ணன் ஃபோனைத் தொடக்கூடாது என்பது பள்ளியின் விதி, அவர் அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார், அந்த விதியை நான் பள்ளி விழா மேடையில் புகழ்ந்திருக்கிறேன். வண்டியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஸ்டெல்லா அக்காவிடம் ஒரு ஃபோன் உண்டு. அடித்தேன், வேறொரு அழைப்பில் இருக்கிறார். மறுபடி அடித்தேன், வேறொரு அழைப்பு. அந்த வண்டியில் எத்தனை பிள்ளைகள், அத்தனை அம்மாக்களும் அப்பாக்களும் ஒரே சமயத்தில் அந்த ஒரு நம்பரை அடித்துக்கொண்டிருக்கிறோம், ஸ்டெல்லா அக்காவுக்கு ஒரு வாய்தான், ஒவ்வொருவராகத்தான் பதில் சொல்ல முடியும், சொல்லி வைத்ததும் அடுத்தவர் நுழைந்துவிடுகிறார், நான் எப்போதும் ஒரு விரல் பிந்திவிடுகிறேன். இதற்கு எங்கள் தொழிலில் ஒரு பெயர் இருக்கிறது, அந்தப் பெயரை வைத்து ஒரு வகுப்பே எடுத்திருக்கிறேன், அதெல்லாம் இந்தக் கட்டை விரலுக்கு ஒரு உதவியும் செய்யவில்லை.

வைரவன் அழைத்தார். அவர் விருதுநகரில் ஒரு எண்ணெய் மில்லில் கணக்குப் பார்க்கிறார், அங்கேயும் மழையாம், அவர் ஃபோனிலும் வண்டி சாம்பலாகத்தான் தெரிகிறதாம். நீ செஞ்சதுதானே இது, நீதான் சொல்லணும் என்றார். அவர் குத்திக்காட்டவில்லை, எனக்குத் தெரியும், இதைச் செய்தவளுக்கு இதன் உள்ளே நடப்பது தெரியும் என்று உண்மையாகவே நம்புகிறார், பாவம். பார்த்துக்கிட்டிருக்கேன், வைங்க என்றேன். வைத்துவிட்டு இடது திரையைப் பார்த்தேன். மூத்த நாத்தனார் இப்போதுதான் கதையில் பெட்ரோல் பங்கைத் தாண்டியிருக்கிறார். நான் அந்தப் பச்சைப் புள்ளி நகர்வதைப் பார்த்தேன், அது ஏற்கெனவே நடந்து முடிந்த ஒன்று என்று தெரிந்தும், நில்லு நில்லு என்று வாய்க்குள் சொன்னேன், அங்கேயே எங்காவது இடது பக்கம் திரும்பு, பெரியவரே, உங்கள் கதையிலாவது வண்டி வேறு பக்கம் போகட்டும். போகவில்லை. சுரங்கப்பாதை வாசலுக்கு வந்தது. நின்றது. கொஞ்ச நேரத்தில் சாம்பலானது. காலையிலிருந்து இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று காத்திருந்தேன், இதுவரை எதிலும் ஒத்துப்போகாத இரண்டும் இந்த ஒன்றில் ஒத்துப்போய்விட்டன. ஹாரூன் எழுந்து என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். ஆதிரை இந்த வண்டியாக்கா என்று கேட்டான். நான் தலையாட்டினேன்.

அந்தச் சில நிமிடங்களில் எனக்கு ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வந்தது. ஆதிரை பிறப்பதற்கு முன்னால் என் வயிற்றில் ஒரு பட்டையைக் கட்டி அவள் இதயத்துடிப்பைக் கேட்கவைத்திருந்தார்கள், டக் டக் டக் டக் என்று ஒரே மாதிரி, வலியில் எனக்கு அந்தச் சத்தமே ஆகவில்லை, சிஸ்டர் இதை நிறுத்துங்க, ஒரே மாதிரி அடிச்சுக்கிட்டே இருக்கு என்று எரிந்து விழுந்தேன். அவர் சிரித்துக்கொண்டே சத்தத்தைக் குறைத்தார். குறைத்ததும் அறை அமைதியாகிவிட்டது, உடனே எனக்கு உயிரே போய்விட்டது, ஏன் கேட்கல, ஏன் கேட்கல என்று எழுந்து உட்காரப் பார்த்தேன். நீங்கதானம்மா குறைக்கச் சொன்னீங்க என்றார் சிஸ்டர். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். நீங்கதானம்மா. நான் வலது திரையைப் பார்த்தேன், இடது திரையைப் பார்த்தேன், நீங்கதானம்மா, என்னுடைய கை மவுஸை விட்டுவிட்டது, கழுத்துக்குப் பின்னால் மெல்ல ஏதோ சூடாக ஏறியது, பயம் இல்லை, பயம் இப்படி ஏறாது. ஒரே மாதிரி அடித்துக்கொண்டே இருப்பதை நிறுத்தச் சொன்னது நான்தான். இங்கேயும் நான்தான்.

எப்போது, எப்போது, ஆடி மாதம், ஒரு வக்கீல், வண்டியில் வருகிற ஒரு பிள்ளையின் அப்பா. வண்டி ட்ராஃபிக்கில் நின்றால் அவர் ஃபோனுக்கு வண்டி இந்த இடத்தில் உள்ளது, வண்டி இந்த இடத்தில் உள்ளது என்று வந்துகொண்டே இருக்கிறதாம், கோர்ட்டில் ஜட்ஜ் முறைத்தாராம், தனபாலன் சாரிடம் கத்தியிருக்கிறார், சார் என்னிடம் கத்தினார், நான் ஒரே ஒரு வரி எழுதினேன், முன்பு சொன்ன இடமும் இப்போது சொல்கிற இடமும் ஒன்று என்றால் அது செய்தி இல்லை, தள்ளிவிடு. எல்லாரும் கைகுலுக்கினார்கள். அந்த வரி பெரியவரிடமும் இருக்கிறது, நேற்று நானே அதைச் சின்னவரிடமும் அப்படியே எழுதிவைத்தேன், இரண்டையும் நேர்மையாக ஒப்பிட வேண்டும் அல்லவா. அதற்குப்பிறகு வேறொரு நாள், வேறொரு கூட்டத்தில், செய்தி வராவிட்டால் சாம்பலாக்கு என்று இன்னொரு வரி. இரண்டையும் எழுதியது ஒரே கைதான், ஆனால் இரண்டும் இதுவரை ஒன்றையொன்று பார்த்ததே இல்லை, ஏனென்றால் எந்த ட்ராஃபிக்கிலும் சாம்பலாகிற அளவுக்கு எந்த வண்டியும் நின்றதில்லை. இன்றைக்கு நிற்கிறது. நின்றால் அது ஒரே இடத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லும், சொன்னதை எல்லாம் என் சல்லடை தள்ளிவிடும், தள்ளிய பிறகு வண்டி ஒன்றுமே சொல்லவில்லை என்று நானே சாம்பல் பூசுவேன். அப்படியானால் ஆதிரையின் வண்டி சும்மா நிற்கிறது. அல்லது கருவி நிஜமாகவே முழுகிவிட்டது. இரண்டுக்கும் திரையில் ஒரே நிறம்தான், எது என்று தெரிய வேண்டுமானால் தள்ளியதைப் பார்க்க வேண்டும். வருவதை எல்லாம் அப்படியே சேமித்துவைக்கிற வழக்கத்தை இடம் அடைக்கிறது என்று எப்போதோ நிறுத்திவிட்டோம். சின்னவரிடம் கேட்கவே வேண்டாம், அவர் தள்ளியது தள்ளியதுதான், அந்தக் கணமே மறந்துவிடுவார், அந்த வேகமே அதிலிருந்துதான் வருகிறது. பெரியவரிடம் இருந்தது. பெரியவரை எழுதிய மனிதர், எந்த நாடோ, படத்தில் கம்பளித் தொப்பியும் ஒரு கிழட்டுப் பூனையுமாக இருப்பார், தன் சல்லடைக்கு இரண்டு வாய் வைத்திருந்தார், தேறியது ஒரு வாயில் வரும், தள்ளியது இன்னொரு வாயில் வரும். எதற்கு என்று அவர் எழுதிய குறிப்பில் ஒரு விளக்கமும் இல்லை. குப்பைக்குக்கூட ஒரு குழாயா என்று நானும் ஹாரூனும் சிரித்தோம், அட்டவணையில் அதைத் தேவையில்லாதவை என்ற தலைப்பின் கீழ் போட்டு, அதனால்தான் இவர் மெதுவாக இருக்கிறார் என்று ஒரு குறிப்பும் எழுதினேன். அந்த இரண்டாம் வாயை நாங்கள் எதிலும் இணைக்கவே இல்லை.

இணைக்க வேண்டியது ஒரு வரிதான். என் விரல் அந்த ஒரு வரியில் இரண்டு இடத்தில் தப்பாக அடித்தது. ஹாரூன் பின்னால் இருந்து மெதுவாக, அடைப்புக்குறி விட்டுட்டீங்கக்கா என்றான். போட்டேன். ஓடவிட்டேன். முதலில் ஒன்றும் வரவில்லை. அப்புறம் எல்லா வண்டிகளும் சேர்ந்து வந்தன, ஊரில் எங்கெங்கோ நின்றுகொண்டிருக்கிற வண்டிகள், பன்னிரண்டு, மூன்று, இருபது, நான் ஏழை மட்டும் காட்டு என்று சொன்னேன். ஏழு, சுரங்கப்பாதை வாசல், இன்ஜின் ஓடுகிறது, வேகம் பூஜ்யம். ஏழு, சுரங்கப்பாதை வாசல், இன்ஜின் ஓடுகிறது, வேகம் பூஜ்யம். ஏழு. ஏழு. பெரியவர் பாக்கி வைத்திருந்ததை எல்லாம் வரிசை தவறாமல் கொட்டிவிட்டு இந்த நொடிக்கு வந்துசேர்ந்தார், வந்த பிறகும் நிற்கவில்லை, நேரம் மட்டும் மாறிக்கொண்டே போகிறது, மற்றதெல்லாம் அதேதான். இன்ஜின் ஓடுகிறது. தண்ணீர் தொட்டிருந்தால் இன்ஜின் ஓடாது, கருவி பேசாது. அவர் இறங்கவில்லை. காசிராஜன் அண்ணன் வாசலிலேயே நிறுத்திவிட்டார், பின்னால் எத்தனை பேர் ஹாரன் அடித்தாலும் அடித்துக்கொள்ளட்டும் என்று நின்றுவிட்டார். இவ்வளவு நேரமும் அந்த வண்டி வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, நான்தான் ஒவ்வொரு தரமும் இது தெரிந்த செய்தி என்று தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது, வெட்கமாக இல்லை, நன்றாகவே அழுதேன். ஹாரூன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு, வண்டியில் இருக்கிற மற்ற பிள்ளைகளின் வீடுகளுக்கு நாம் இப்போதே சொல்ல வேண்டும் என்று தன் மேஜைக்கு ஓடினான்.

சொன்னோம். சல்லடையின் அந்த ஒரு வரியை எடுத்தேன், அவ்வளவுதான், ஏழாம் நம்பர் இரண்டு திரையிலும் பச்சையானது, வண்டி சுரங்கப்பாதைக்கு முன் பத்திரமாக நிற்கிறது என்று எல்லா வீட்டு ஃபோனிலும் மணி அடித்தது, சிறிது நேரம் கழித்து மறுபடியும் நிற்கிறது என்று அடித்தது, மறுபடியும். வக்கீல் அப்பா முறைக்கட்டும், ஜட்ஜும் முறைக்கட்டும், நாளைக்கு வேறு ஏதாவது நாசூக்காக எழுதிக்கொள்ளலாம், இன்றைக்கு இந்த ஊரே நச்சரித்துக்கொண்டு கிடக்கட்டும். வைரவனுக்கு நானே அழைத்து நிக்குதுங்க, நிக்குதுங்க என்றேன், அதைச் சொல்லத்தான் அழைச்சியா, எனக்கும் அதேதான் திருப்பித் திருப்பி வருது என்றார். உடம்பு மொத்தமும் லேசாக இருக்கிறது. காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. கீழே யாரோ உளுந்தவடை போடுகிறார்கள், அந்த வாசனை இவ்வளவு நேரமும் வந்துகொண்டுதான் இருந்திருக்க வேண்டும். தனபாலன் சார் கதவைத் திறந்து என்ன, எது என்றார். பெரியவர் என்று சொல்ல வாயெடுத்தேன், நியாயமாகப் பார்த்தால் அதுவும் சரியில்லை, அவர் பங்கைத் தாண்டுவதற்குள் எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. ஹாரூன் முந்திக்கொண்டு, சின்னவருக்கு ரெண்டாவது வாய் நாங்களே எழுதிப் போடப்போறோம் சார், வரிசையும் சரிபண்ணணும், எழுதினதைப் பொதுவிலேயே குடுத்துடலாம், அதுவரைக்கும் பெரியவரே இருக்கட்டும் என்றான். அவ்வளவு வார்த்தைக்கும் சாருக்குக் கொட்டாவி வரவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கிளம்பும்மா, மழை விட்டதும் பேசிக்கலாம் என்று கதவைச் சாத்திக்கொண்டார். கம்பளித் தொப்பிக்காரருக்கு ஒரு நன்றி எழுத வேண்டும். என்னவென்று எழுதுவது, உங்கள் குப்பைக் குழாயில் என் மகள் இருந்தாள் என்றா, பயந்துவிடுவார்.

பையை எடுத்துத் தோளில் மாட்டியவள் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். திரையை விட்டுப் போக மனசில்லை. இன்ஜின் ஓடுகிறது, வேகம் பூஜ்யம், படிக்கப் படிக்க அலுக்கவில்லை, ஒருவேளை இந்த நிமிடம் அவர் இறங்க முடிவு செய்தால், மாட்டார், இவ்வளவு நேரம் நின்றவர் இறங்கமாட்டார், இறங்கினால் எண் மாறும், மாறினால் எனக்குத் தெரியும், மாறவில்லை. தெரிந்த பிறகும் மனசு போய் அந்தப் பழுப்புத் தண்ணீரைத் தொட்டுவிட்டுத்தான் வருகிறது, வந்து இந்த வரியைப் படிக்கிறது, படித்துவிட்டு மறுபடி போகிறது, போகட்டும், ஒவ்வொரு தரமும் முன்னைவிடச் சீக்கிரம் திரும்பிவிடுகிறது. விரல் தானாக ஸ்டெல்லா அக்கா நம்பரை அடித்திருக்கிறது. மணி போனது. நான் எதிர்பார்க்கவே இல்லை. மற்ற வீடுகளுக்கும் செய்தி போய்விட்டதால் கூட்டம் குறைந்திருக்க வேண்டும். ஸ்டெல்லா அக்கா எடுத்து, ஃபோனில் என் பெயரைப் பார்த்திருப்பார், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, எல்லாம் நல்லா இருக்குக சங்கரி, முன்னாடி தண்ணி நிக்குது, அண்ணன் இறங்க மாட்டேனுட்டார், பின்னாடி வண்டியை ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டிருக்காக, சுத்திப் போயிரலாம், இந்தா பேசு என்று ஒரே மூச்சில் சொல்லி ஃபோனைக் கை மாற்றினார். பின்னால் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கத்துகிற சத்தம். மழைச் சத்தம். வண்டியின் உறுமல்.

"அம்மா," என்றாள் ஆதிரை. குரலில் அவ்வளவு சலிப்பு.

"என்னடா தங்கம். என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ணல. பஸ்ஸு நின்னுக்கிட்டே இருக்கு. ஒண்ணுமே நடக்க மாட்டேங்குதும்மா."

"இன்னொரு தடவை சொல்லு," என்றேன்.

"ஒண்ணுமே நடக்கல."

"இன்னொரு தடவை."